சைபர்னு எழுதாதீங்கம்மா

போன வருடம் பிப்ரவரியில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. புல்தரை சொட்டை விழுந்துகொண்டே போகிறது என்று ஆறு மாதம் நடந்த சண்டைக்குப் பிறகு, சங்கத்தார் ஒருவழியாக மண்ணை அள்ளி ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு பக்கம். கார அமில நிலை 6.8, தழைச்சத்து மத்திமம், மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து மத்திமம், கடைசியில் தடித்த எழுத்தில் ‘மண் ஆரோக்கியமாக உள்ளது’. 14 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நானும்தான். அன்று சாயங்காலம் பையனை விளையாட விட்டுவிட்டு அந்தப் புல்தரை ஓரமாக நின்றேன். கையிலிருந்த பாட்டில் தண்ணீரைச் சும்மா சாய்த்தேன். மண் அதைக் குடிக்கவில்லை. கண்ணாடி மேல் ஊற்றியதுபோல வழிந்து நடைபாதைக்குப் போய்விட்டது. ஆரோக்கியமான மண் தண்ணீரை இப்படித் துப்புமா என்ற கேள்வியோடு மாடிக்கு வந்தேன். அது என்னை விடவே இல்லை.

என் பிழைப்பு தரவுச் சோதனை. பெங்களூரு வொயிட்ஃபீல்டில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க அட்டவணைகளைப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பேன். இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: பூஜ்யம் வேறு, வெற்றுக் கட்டம் வேறு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் இல்லை என்பது பூஜ்யம். பணம் இருக்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை என்றால் அது வெற்றுக் கட்டம். இரண்டையும் குழப்பி ஒருமுறை அறிக்கை அனுப்பி, வேலை போகாமல் தப்பித்ததே பெரிய விஷயம். அந்தப் பழக்கத்தில் மறுபடி பிடிஎஃப்பைத் திறந்தேன். இருக்கும் எண்களைப் பார்க்காமல், எது இல்லை என்று பார்த்தேன். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வரிகூட இல்லை.

ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்வதற்கில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் அப்பாவின் மாந்தோப்புக்குக் கொடுத்த மண்வள அட்டையிலும் இதே கதைதான். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கட்டில் தொடங்கிவைத்த திட்டம் அது. அட்டையில் 12 வரிகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமக் கார்பன். கரிமக் கார்பன் மட்டும் உயிரின் வாசலில் நிற்கிறது. அதுவும் செத்த இலையையும் வாழும் பூஞ்சையையும் ஒரே கணக்கில் அரைத்துச் சொல்கிற எண். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல புழு எங்கடி?” என்று கேட்டது அப்போது கிண்டலாகப்பட்டது. அவர் கேட்டது அட்டவணையைப் பற்றிய கேள்வி என்று எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கால் மீட்டர் சதுரம்

சரி, நாமே எண்ணலாம் என்று இறங்கினேன். வெப்பமண்டல மண்ணில் உயிர்களைக் கணக்கெடுக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் ஆழம். அந்தக் கட்டியைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக மூன்று அடுக்கு பிரித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் கையால் பொறுக்க வேண்டும். கிடைத்ததை 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு. கருவி என்றால் மண்வெட்டி, தட்டு, அவ்வளவுதான். பொறுமைக்குத்தான் கடை கிடையாது.

மூன்று இடம் குறித்தேன். ஒன்று, புல்தரை நடுவில். இரண்டு, காம்பவுண்டுச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட்டிருக்கும் நீளப் பட்டை. அடுக்ககம் வருவதற்கு முன் கேழ்வரகு விளைந்த மண் கிளறப்படாமல் கிடப்பது அங்கே மட்டும்தான். மூன்று, பின்வாசல் புங்கமரத்தடி. இங்கே எல்லாரும் ஹொங்கே மரம் என்பார்கள். தோட்டக்கார அண்ணன் அதை இரண்டு பெயராலும் கூப்பிடுவார், எதிரில் நிற்பவரைப் பொறுத்து.

அண்ணன் கோலார் தங்கவயல்காரர். தினமும் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி கே.ஆர்.புரத்தில் இறங்குகிறார். திரும்பிப் போய்ச் சேர ராத்திரி ஆகும். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சுடிதாரை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு புல்தரையை வெட்டியபோது, ஹோஸைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் தட்டில் மண்ணைக் கிளறினேன். ஒரு எறும்பு, கட்டட வேலையில் மிச்சமான ஒரு ஆணி. புழு பூஜ்யம். அடுத்து இரண்டாம் இடம். இரண்டு மரவட்டை, புழு பூஜ்யம். புங்கமரத்தடியில் கொஞ்சம் கலகலப்பு, ஆனாலும் புழு ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரியாத சில்லறைகளையும் பார்த்துவிடலாம் என்று வீட்டில் ஒரு புனல் செய்தேன். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலை அறுத்துக் கவிழ்த்து, கொசுவலைத் துண்டு வைத்து, அதன் மேல் இலைமக்கும் மண்ணும். கீழே மருந்துக்கடை ஸ்பிரிட், மேலே விளக்கு. மண் மேலிருந்து சூடாகிக் காய, உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி ஸ்பிரிட்டில் விழும். இத்தாலியரான பெர்லேசே 1905-ல் வெந்நீர்ச் சூட்டில் செய்ததை, ஸ்வீடனின் துல்கிரென் 1918-ல் மின்விளக்குக்கு மாற்றினார். நூறு வருடத்துக்கு மேலாகியும் உலகம் முழுக்க அதே புனல்தான். என் புனலில் இரண்டு நாளாகியும் ஒன்றும் விழவில்லை. அட்டவணையில் கம்பீரமாக பூஜ்யம் போட்டேன். மூன்றாம் நாள் விளக்கைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. எல்இடி. வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது. மண்ணுக்குள் இருந்தவை நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கின்றன. எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி ஒரு பழைய குண்டு பல்பு வாங்கிவந்து மாட்டிய ராத்திரியே ஸ்பிரிட்டில் வெள்ளைப் புள்ளிகள்.

செல்போனில் லென்ஸைச் செருகிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருக்கும், சோற்றுப்பருக்கையின் ஓரத்தைக் கிள்ளியது மாதிரி. ஸ்பிரிங்டெயில் என்பார்கள். வயிற்றுக்கடியில் கவட்டை போன்ற ஒரு வால் மடங்கியிருக்கும். ஆபத்தென்றால் கொக்கி விடுபட்டு வால் தரையை அறையும், பூச்சி எகிறிவிடும். மறுநாள் உயிரோடு சிலவற்றைத் தட்டில் பார்த்தேன், எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி தெறித்தன. என் பையன் அன்று பள்ளிக்கு லேட்.

நெல்லிக்காய் அளவு உருண்டை

பூஜ்யங்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்புகிறேன். இரண்டாம் இடத்தின் கட்டத்தில் நான் பேனா வைத்ததும் அண்ணன் வாய் திறந்தார்.

“மேடம், அது என்னா சைபரா?”

“ஆமாண்ணா. புழு ஒண்ணுமே இல்லையே.”

“சைபர்னு எழுதாதீங்கம்மா. பங்குனி வெயில்ல நாக்குப்பூச்சி மேல வந்து நிக்குமா? அது அடியில போய் படுத்துக்கும். நீங்க தோண்டினது ஒரு அடி.”

முப்பது சென்டிமீட்டர் என்பது உலகமே ஒத்துக்கொண்ட அளவு என்று இவருக்கு எப்படிச் சொல்வது என யோசிப்பதற்குள் அவர் கடப்பாரை கொண்டுவந்துவிட்டார். நான் விட்ட குழியின் அடியிலேயே குத்தினார். மேல்மண் ஓட்டைப்போல உடைந்தது. அதற்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் கறுத்தது, கையில் எடுத்தால் குளுமை தெரிந்தது. ஒன்றே முக்கால் அடி வந்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தார். ஒரு கட்டியை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும், சாத்துக்குடி உரிப்பதுபோல, நெரித்துப் பிளந்தார். உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு குழி, சுவர் வழவழவென்று மெழுகின மாதிரி. அதற்குள் ஒரு புழு தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்தது. முடிச்சு என்றால் நிஜ முடிச்சு, தலை எது வால் எது என்று தெரியவில்லை. நிறம் வெளிறியிருந்தது. நான் விரலால் தொட்டேன். அசையவில்லை. செத்துவிட்டதா என்றேன். அவர் உள்ளங்கையில் வைத்து ஹோஸிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முடிச்சின் ஒரு வளையம் மட்டும், தூக்கத்தில் புரண்டு படுப்பவர் மாதிரி, மெல்ல நகர்ந்தது.

வெப்பமண்டல மண்புழுக்கள் பல, கோடையில் இப்படி ஆழத்தில் அறை கட்டிச் சுருண்டு உறங்கும் என்று அப்புறம்தான் படித்தேன். ஆய்வாளர்களுக்கு அது தெரியும் என்பதால்தான் மழைக்காலத்தில் தோண்டச் சொல்கிறார்கள். நான் முறையின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மாதத்தை விட்டுவிட்டேன். என் பூஜ்யம் பொய். அதைவிட மோசம், பூஜ்யமே கிடையாது, வெற்றுக் கட்டம். இருபது பேர் கொண்ட அணிக்கு நான் மாதாமாதம் வகுப்பெடுக்கிற அதே தப்பு.

அண்ணன் புழுவைக் கட்டிக்குள் திரும்ப வைத்து, கட்டியைக் குழிக்குள் வைத்து, மூடி மிதித்தார். படம் எடுத்திருந்தேன். என்ன இனம் என்று எழுதும் கட்டம் காலியாகவே இருந்தது.

டீ குடிக்கும்போது, இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “கத்துக்கறதுக்கு என்னா இருக்கு” என்றார். பிறகு தானாகவே சயனைடு மேட்டைப் பற்றிச் சொன்னார். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய அரைத்த கல்தூள், மூன்று கோடி டன்னுக்கு மேல், ஊர் நடுவே குன்று குன்றாக நிற்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது இவருக்கு முப்பத்துநாலு வயது. ஆடி மாதக் காற்றில் அந்தத் தூள் கிளம்பி சோற்றுத் தட்டில் விழுமாம். “எங்க ஊட்டாண்ட மழை விட்டதும் ஈசல் கிளம்பும்மா, பசங்க முறத்தோட ஓடுவாங்க. மேட்டுலேர்ந்து ஒரு ஈசல் வந்து நான் பாத்ததில்ல. நாப்பது வருஷமா பாக்கறேன். அதுக்கு நீங்க சைபர் போடலாம்.”

நாற்பது வருடம், ஒவ்வொரு முதல் மழைக்கும், ஒரே இடம். கண்காணிப்பு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு இதைவிட நீளமான தொடர் என் அலுவலகச் சர்வரில்கூடக் கிடையாது.

அவருடைய இன்னொரு சோதனை மூக்கு. மண்ணைப் பிடித்து நசுக்கி முகர்வார். புங்கமரத்தடி மண்ணுக்குத் தலையாட்டினார், புல்தரை மண்ணை முகர்ந்து உதறினார். இதில் மாயமில்லை. மண்வாசனையில் முக்கியமான பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன. மனித மூக்கு அதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அந்த வாசனை ஸ்பிரிங்டெயில்களுக்கான அழைப்பாம். அவை வந்து மேய்ந்துவிட்டு, பாக்டீரியாவின் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்தில் விதைக்கின்றன. முதல் மழைக்கு நாம் பால்கனியில் நின்று உருகுகிறோமே, அந்தக் கடிதம் நமக்கு எழுதியதே இல்லை.

முப்பத்திரண்டு புழு

ஜூன் கடைசியில், நாலு நல்ல மழைக்குப் பின், மறுபடி தோண்டினோம். புல்தரையில் 2, சுவரோரப் பட்டையில் 11, புங்கமரத்தடியில் 19. 16-ஆல் பெருக்கினால் 32, 176, 304. எனக்குத் தலைகால் புரியவில்லை. புங்கமரத்தடியில் ஏன் இவ்வளவு என்றால், கூட்டிய சருகைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குத் தரச் சொல்லிச் சங்கம் உத்தரவு போட்டிருக்க, அண்ணன் பாதியை யாருக்கும் தெரியாமல் பின்வாசலில் கொட்டிவந்திருக்கிறார். புழு இருந்தால் மண் நல்ல மண், சருகு போட்டால் புழு வரும், கதை முடிந்தது என்று படங்களோடு குழுவில் பெரிய பதிவு தட்டச்சு செய்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

ஹெப்பாளுக்கு அந்தப் பக்கம் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தோழியின் தங்கை முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மண்புழு ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடம் அது, ராதா கலே பல வருடம் வேலை செய்த வேளாண் பல்கலைக்கழகம். டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் முதல் புழுவை நுண்ணோக்கிக்கடியில் வைக்கவே இல்லை. வாலை இரண்டு விரலுக்கிடையே மெதுவாக உருவிவிட்டு, “அக்கா, நீங்களும் தொட்டுப் பாருங்க” என்றாள். சொரசொரவென்று இருந்தது, பழைய பல்துலக்கி மாதிரி. பிறகு லென்ஸில் காட்டினாள். வால்பக்க முட்கள் மற்ற புழுக்களைப்போல வரிசையாக இல்லாமல், செங்கல் அடுக்கியதுபோல மாறி மாறி நின்றன.

“பொன்டோஸ்கோலெக்ஸ். தென்னமெரிக்கா. தொட்டிச்செடி மண்ணோட உலகம் பூரா வந்துடுச்சு. துணை இல்லாமலே முட்டை போடும், ஒண்ணு வந்தா போதும்.”

மூன்று இடத்திலும் சேர்த்துப் பொறுக்கிய 32-ல் 27 அதுதான். 3 குஞ்சுகள், வளர்ந்தால்தான் இனம் தெரியும். மிச்சம் 2 மட்டும் நாட்டுப்புழு, லாம்பிட்டோ மாதிரி இருக்கிறது, ஆனால் அறுத்துப் பார்க்காமல் எழுதித் தரமாட்டேன் என்றாள். அந்தப் பெண்ணை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. சுருண்டு தூங்கிய புழுவின் படத்தைக் காட்டினேன். படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

வெளிநாட்டுப் புழு என்றால் என்ன, மண்ணை உழத்தானே செய்கிறது என்று வீம்புக்குக் கேட்டேன். அவள் மனாஸ் கதையைச் சொன்னாள். பிரேசிலில் அந்த நகருக்குப் பக்கத்தில் மழைக்காட்டை புல்டோசரால் அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில், பழைய மண்ணுயிர்கள் போய் இந்தப் புழு மட்டும் பெருகியது. அது போடும் எச்சம் களிம்பு மாதிரி கெட்டியானது. அதை உடைத்து, துளைத்து, உதிரவிடும் மற்ற பூச்சிகள் இல்லாததால் எச்சம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மேல்மண்ணே இறுகிவிட்டது. 1999-ல் வெளியான ஆய்வு. புழு எண்ணிக்கை ஏறுகிறது, மண் மூச்சு முட்டுகிறது. அந்தக் குற்றம் புழு மேல்கூட இல்லை. அதோடு வேலை பார்க்கும் மற்றவர்கள் இல்லாததுதான் கோளாறு.

சென்னையில் மண்ணுயிர் ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நாட்டுப்புழு, நாட்டுப்புழு என்று இத்தனை வருடம் சொல்லிவந்தது என் காதில் விழாமல் இல்லை. ஏதோ நாட்டுக்கோழி மாதிரி ஒரு பிரியம் என்று நினைத்திருந்தேன். நானே ஒரு தடவை ஆன்லைனில் இரண்டு கிலோ புழு வாங்கித் தொட்டிகளில் விட்டு, பத்தே நாளில் எல்லாம் காணாமல் போனதற்கும் காரணம் அன்றுதான் தெரிந்தது. உரக்குழிக்கு விற்கும் யூட்ரிலஸும் ஐசீனியாவும் குப்பையில் வாழ்பவை. மண்ணைத் தின்று மண்ணுக்குள் வாழத் தெரியாதவை.

வீடு திரும்பும்போது ஹெப்பாள் மேம்பாலத்தில் முக்கால் மணி நேரம் நகரவில்லை. அந்தப் பதிவை அழித்துவிட்டு, செல்போனில் சேமித்து வைத்திருந்த உலக வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 57 நாடுகளில் 6,928 இடங்களில் எடுத்த மண்புழுக் கணக்கு, 2019-ல் வந்தது. ஐரோப்பாவில் புள்ளிகள் ஈ மொய்த்தது போல. நம் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும். இந்தியாவில் வேலையே நடக்கவில்லை என்றில்லை. 2002-ல் ஏழு நாடுகள் சேர்ந்து தொடங்கிய நிலத்தடி உயிர்வளத் திட்டத்தில் நந்தாதேவியும் நீலகிரியும் களங்கள். ஆனால் அதெல்லாம் காடும் மலையும். கேழ்வரகு வயல் அடுக்ககமான இடத்தை யார் எண்ணுவார்? பூமியிலுள்ள உயிரின வகைகளில் 59 சதவீதம் மண்ணில் வாழ்வதாக 2023-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதற்கு முன் 25 சதவீதம் என்று சொல்லிவந்தார்கள். நடுவில் மண்ணில் உயிர் கூடிவிடவில்லை. காலிக் கட்டங்களில் சில நிரம்பின.

அதற்குப் பிறகு என் அட்டவணை மாறியது. ‘எண்ணிக்கை’ பக்கத்தில் ‘இனம்’, ‘எத்தனை வகை’, ‘கடைசி மழை எத்தனை நாள் முன்’, ‘யார் தோண்டியது’. செப்டம்பரில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை தோண்டினோம். அண்ணனும் சின்னப் பையன் மாதிரி ஆர்வமாகிவிட்டார். மரவட்டை, பூரான், ஒரு சாண வண்டு என்று டப்பாவில் போட்டு வாட்ச்மேன் அறையில் எனக்காக வைத்துவிட்டுப் போவார். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார். புல்தரைக்கு அடிக்கும் கரையான் மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அறிக்கையில்தான் மண் நன்றாக இருக்கிறதே என்று பதில் வந்தது.

இரண்டாம் இடம்

இந்த மார்ச்சில் மும்பையில் பத்து நாள் அலுவலக வேலை. திரும்பி வந்து பார்த்தால் சுவரோரப் பட்டை முழுக்க இன்டர்லாக் கல். சிவப்பும் சாம்பலும் மாற்றி மாற்றி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருசக்கர வண்டி நிறுத்த இடம் பற்றவில்லையாம். என் இரண்டாம் இடத்தின் அடையாளக் குச்சியைப் பிடுங்கி, பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் கல்லின் மேல் செருப்புக்காலால் தட்டிப் பார்த்தார். “மணல் கொட்டி மேல கல் வெச்சிருக்காங்க. சிமிண்டு இல்ல.” அதை ஏதோ நல்ல செய்தி மாதிரிச் சொன்னார். ஜூனில் தோண்டும் நாள் வந்தபோது ஒன்றாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் மட்டும் தோண்டினோம். இரண்டாம் இடத்தின் வரியில் என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றேன். அவர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எழுதவில்லை.

நேற்று ராத்திரி கொட்டித் தீர்த்தது. காலையில் குழுவில் மூன்றாவது மாடிக்காரர் ஒரு படம் போட்டிருந்தார்: ‘புது இன்டர்லாக்கில் இடுக்கெல்லாம் சேறு, ஹவுஸ்கீப்பிங் உடனே கவனிக்கவும்.’ படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்புக் கல்லுக்கும் சாம்பல் கல்லுக்கும் நடுவே, விரல் நுழையாத இடுக்கில், குருணை குருணையாக ஈரமண், சின்னச் சின்னக் கோபுரமாக எழும்பி நின்றது. புழு எச்சம். எந்தப் புழு என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கீழே ஒன்பது கட்டைவிரல். செருப்பை மாட்டிக்கொண்டு, ஹவுஸ்கீப்பிங் பெண் துடைப்பத்தோடு போவதற்கு முன் ஓடினேன்.